உணவு வழியே உடலில் சேரும் பூஞ்சை நச்சைக் கணக்கிட வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
பகுப்பாய்வாளர் (ஓய்வு), உணவு ஆய்வுக்கூடம்

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்

பொருள்: உணவில் உள்ள பூஞ்சை நச்சுகள் – மாதிரி தேறியதா இல்லையா என்பதோடு நிற்காமல், மக்கள் உட்கொள்ளும் அளவை மதிப்பிட ஆய்வு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தானியத்திலும் நிலக்கடலையிலும் பாலிலும் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையிலேயே என் பணிக்காலம் போனது. இத்தனை மாதிரி எடுத்தோம், இத்தனை வரம்பைத் தாண்டின என்று ஆண்டறிக்கை எழுதுவோம். சந்தைச் சரக்கின் நிலவரம் அதில் ஓரளவு தெரியும். ஆனால் அதைச் சாப்பிடுகிறவர் உடலுக்குள் தினமும் எவ்வளவு நச்சு போகிறது என்பது அந்த அறிக்கையில் எங்குமே இருக்காது. அந்தக் கணக்கைப் போட ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டுத்தான் இந்த மனு.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உணவில் உள்ள நச்சின் அளவை, உண்ணும் அளவால் பெருக்கி, உடல் எடையால் வகுக்க வேண்டும். ஒரு கிலோ தானியத்தில் அஃப்லடாக்சின் பி1 என்ற பூஞ்சை நச்சு 2 மைக்ரோகிராம் (ஒரு மைக்ரோகிராம் என்பது 1,000 நானோகிராம்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள பெரியவர் 200 கிராம் சாப்பிட்டால், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 7 நானோகிராம் சேரும். 12 கிலோ எடையுள்ள குழந்தை 100 கிராம்தான் சாப்பிடுகிறது, ஆனால் அதற்குக் கிலோவுக்குச் சேர்வது சுமார் 17 நானோகிராம். ஒரே பானைச் சோறுதான், குழந்தைக்கு மட்டும் இரண்டரை மடங்கு! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் அஃப்லடாக்சினுக்கு எடுத்துக்கொண்ட ஒப்பீட்டு அளவு, அதாவது விலங்குச் சோதனையில் கல்லீரல் புற்றுநோய் கூடுவதை வைத்துக் கணித்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 400 நானோகிராம். நாம் உண்பது அதைவிடக் குறைந்தது 10,000 மடங்கு கீழே இருந்தால்தான் கவலை குறைவு என்கிறார்கள். மேலே சொன்ன குழந்தைக்கு அந்த இடைவெளி 24 மடங்குதான்.

அடுத்தது, ‘கண்டறியப்படவில்லை’ என்ற முடிவு. பெரும்பாலான அறிக்கைகளில் இதுதான் இருக்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கருவியால் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாதென்றால், உண்மை அளவு பூஜ்யமாகவும் இருக்கலாம், 1-க்குச் சற்றுக் கீழேயும் இருக்கலாம். அதே குழந்தையின் கணக்கில் இது பூஜ்யம் முதல் 8 நானோகிராம் வரை ஆகிறது. இவ்வளவு பெரிய இடைவெளியை ஒற்றை வார்த்தை மூடிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு அறிக்கையிலும் கருவியின் கண்டறியும் எல்லையை எழுத வேண்டும், கண்டறியப்படாத மாதிரிகளைப் பூஜ்யமாக வைத்து ஒரு தடவை, அந்த எல்லையாகவே வைத்து ஒரு தடவை என இரண்டு மதிப்பீடும் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

மாதிரி எடுப்பதிலும் சிக்கல் உண்டு. ஒரு மூட்டை நிலக்கடலையில் ஏதோ ஓரிரு பருப்பு சுருங்கிக் கருத்து, மேலே மஞ்சள் கலந்த பச்சைப் பொடி படிந்திருக்கும். நச்சில் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். அது மாதிரிக்குள் விழுந்தால் மூட்டை தோற்கும், விழாவிட்டால் தேறும். இதனால்தான் சர்வதேச உணவுத் தர விதியான கோடெக்ஸ் நெறி நிலக்கடலைக்கு 20 கிலோ மாதிரி கேட்கிறது. கைப்பிடி எடுத்து அனுப்பினால் ஆய்வுக்கூடம் என்ன செய்யும், சொல்லுங்கள்.

எனவே முதலில் கேட்பது முழு உணவு ஆய்வு. மக்கள் உண்மையில் சாப்பிடும் பண்டங்களை வாங்கி, வீட்டில் செய்வது போலவே கழுவி, சமைத்து, அப்புறம் சோதிக்க வேண்டும். சாதாரணச் சமையல் சூட்டில் அஃப்லடாக்சின் பெரிதாக அழிவதில்லை. பொறுக்குவதிலும் தோல் நீக்குவதிலும் ஓரளவு குறையும். பச்சைத் தானியத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தட்டில் இருப்பதைச் சொல்ல முடியாது. கோதுமையில் டியோக்ஸினிவலினால், மக்காச்சோளத்தில் ஃபியூமோனிசின், காப்பியிலும் உலர்பழத்திலும் ஓக்ராடாக்சின், ஆப்பிள் சாற்றில் பாட்டுலின் ஆகிய மற்ற பூஞ்சை நச்சுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாட்டுத்தீவனத்தில் உள்ள அஃப்லடாக்சின் பாலில் எம்1 என்ற வடிவில் வருவதால் தீவனத்தையும் விடக்கூடாது.

உணவுக் கணக்கைச் சரிபார்க்க, சம்மதிக்கிறவர்களிடம் இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்கலாம். இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தில் ஒட்டியிருக்கும் அஃப்லடாக்சின் கடந்த சில வாரங்களில் உண்டதைக் காட்டும். யார் எதைச் சாப்பிட்டேன் என்று ஞாபகப்படுத்திச் சொல்வதைவிட அது நம்பகமானது. அதே இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி தொற்றையும் பார்த்துவிட வேண்டும். அந்தத் தொற்று உள்ளவர்களுக்கு அஃப்லடாக்சினால் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 30 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1998-ல் வெளியான மதிப்பீட்டில் கணித்தது. ஒரே அளவு நச்சு, ஆனால் ஆபத்து ஒன்றல்ல.

செலவு அதிகம் என்ற பதில் வரும் என்று தெரியும். எல்லாப் பண்டத்தையும் ஒரே ஆண்டில் பார்க்க வேண்டியதில்லை. குழந்தைகள் அதிகம் உண்ணும் தானியத்திலும் பாலிலும் தொடங்கலாம். ஒரே வகைப் பண்டங்களைக் கலந்து ஒரு மாதிரியாகச் சோதித்தால் செலவு குறையும். முடிவுகளைச் சராசரியாக மட்டும் தராமல், மிக அதிகம் உண்ணும் 5 சதவீதத்தினரின் அளவையும், வயதுவாரியாகவும் வெளியிடும்படி வேண்டுகிறேன்.

கணக்குத் தாளை இணைத்துள்ளேன். இது குறித்து எடுக்கப்படும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன். நேரில் விளக்க அழைத்தால் வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: மாதிரிக் கணக்குத் தாள்