இடாப்பின் கடைசிப் பெயர்

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி? அந்தக் குளிருக்குள் பனி வழிக்கிற வேலையை மகனிடம் விட்டுவிடு.

எனக்கு வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. எனக்குக் கொண்டாட்டம், மகளுக்கு இல்லை. தரம் 8, இரண்டாம் தவணை பாதி முடிந்த நேரம். அங்கே நடனம் எடுத்தவள். இங்கே அந்த வகுப்பில் இடமில்லை, சங்கீதத்துக்குப் போ என்றுவிட்டார்கள். இரண்டு நாள் சாப்பாட்டுக் கோப்பையோடு சண்டை.

ஆனால் அவளை அழ வைத்தது சங்கீதமில்லை, வகுப்பில் வரவு எடுக்கிற இடாப்பு. இடையில் வருகிறவரின் பெயர் கடைசியில், வேறு மையில்தானே ஏறும்? 38 பேரையும் கூப்பிட்டுவிட்டு ரீச்சர் இடாப்பை மூடிவிட்டாராம். இவள் எழும்பி "ரீச்சர், நான்..." என்று இழுக்க, முழு வகுப்பும் திரும்பிப் பார்த்ததாம்.

எனக்கு உடனே சாவகச்சேரிதான் ஞாபகம் வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நகர்ந்து மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பின்னேரம்தான் வகுப்பு. மாமா யாரையோ பிடித்து என்னை உங்கள் காலை வகுப்பில் சேர்த்தார். அதிபர் விடுகைப் பத்திரம் கேட்க, "பள்ளிக்கூடத்தையே விட்டுட்டு வந்திருக்கிறம் சேர்" என்றார் என் அப்பா. அதிபர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்கும் இதே கதைதான். வாத்தியார் இடாப்பை மூட, "சேர், இன்னும் ஒருத்தன் இருக்கிறான்" என்று நீ கத்தினாய். நான்கு பேர் இருந்த வாங்கில் ஐந்தாவதாக என்னை இருத்தியதும் நீதான். அரைப் பக்கம்தான் வாங்கில், மற்றது அந்தரத்தில். எழுதும்போது உன் முழங்கை என் விலாவில் இடிக்கும். சமூகக்கல்விக் கொப்பியையும் பார்த்தெழுதத் தந்தாய். ஊரைப் பற்றி நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல், மச்சான்.

பாடம் பிந்தியதை ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். வாங்கில் யார் பக்கத்தில் யார் என்பது தவணை தொடங்கும்போதே முடிவாகிவிடுகிறதே, அதற்குள் நுழைவதுதான் பாடு. இதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று அவளுடைய பைக்குள் வேறு யாருடையதோ ஒரு வரலாற்றுக் கொப்பி கிடந்தது. உறையில் பூப் படம் ஒட்டியிருந்தது. யாருடையது என்று கேட்க வாயெடுத்தேன், மனைவி கண்ணைக் காட்டினாள், விட்டுவிட்டேன்.

அதுசரி, 1996 ஏப்ரலில் நாங்கள் அவசரமாக ஊர் திரும்பியபோது உன் கொப்பியும் என்னோடு வந்துவிட்டது. இனிக் கேட்டுவிடாதே, அது கறையானுக்குப் போய்க் கனகாலம்.

அன்புடன்,
உன் மச்சான்