அமைச்சரவை அலுவலகத்துக்கு: 0300 இலவச எண் அல்ல

பிரித்தானிய அரசின் அமைச்சரவை அலுவலகத்துக்கு,

அரசுத் திணைக்களங்கள் பொதுமக்களுக்கு எந்த வகைத் தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று 2013 டிசம்பரில் வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது உங்கள் அலுவலகம். அதனால் இந்த மடல் உங்களுக்கு வருகிறது. இதில் பேசப்படுகிறவர்களில் பலர் தமிழில்தான் வாசிப்பார்கள் என்பதால் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கடினமாக இருக்காது.

நான் கேட்பது ஒன்றுதான். வரித் திணைக்களம் உட்பட, அரசின் பொது அழைப்பு எண்கள் எல்லாவற்றையும் 0300, 0345 என்பவற்றிலிருந்து இலவச எண்ணான 0800க்கு மாற்றுங்கள். அழைப்பவர் ஒரு பென்ஸ்கூடக் கட்டக் கூடாது.

இது புதிய யோசனை அல்ல. அவசரமில்லாத விடயங்களுக்குப் பொலிஸை அழைக்கும் 101 எண்ணுக்கு நீண்ட காலம் அழைப்பு ஒன்றுக்கு 15 பென்ஸ் வாங்கினீர்கள். பக்கத்து வீட்டில் திருட்டு நடந்தது என்று தகவல் சொல்ல முன்வருகிறவரிடம் காசு கேட்பது எவ்வளவு வேடிக்கையானது என்று ஒருவழியாக உணர்ந்து, 2020 ஏப்ரல் 1 முதல் அதை இலவசமாக்கினீர்கள். உள்துறை அமைச்சு அதற்காக ஆண்டுக்கு 70 லட்சம் பவுண் ஒதுக்கியது. மருத்துவ ஆலோசனைக்கு இருந்த, கட்டணம் வாங்கும் 0845 எண் போய், இலவசமான 111 வந்தது. குடும்ப வைத்தியர்கள் 0844 எண்களை வைத்துக்கொண்டு நோயாளியிடம் கூடுதல் கட்டணம் வாங்க வழிவிட்ட முறையையும் தடுத்தீர்கள். அதாவது, செய்ய முடியும் என்று நீங்களே பலமுறை காட்டியிருக்கிறீர்கள்.

0845 போன்ற எண்களால் மக்கள் எவ்வளவு இழந்தார்கள் என்பதையும், அரசின் செலவைச் சரிபார்க்கும் தேசியக் கணக்காய்வு அலுவலகமே கணக்கிட்டது. 2012-13 நிதியாண்டில் மத்திய அரசின் உயர்கட்டண எண்களை அழைத்தவர்கள் கட்டிய தொகை 5 கோடி 60 லட்சம் பவுண். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் உங்கள் வழிகாட்டுக் குறிப்பு வந்தது. 0845ஐக் கைவிட்டு 03இல் தொடங்கும் எண்களுக்குப் போகச் சொன்னீர்கள். சாதாரண வீட்டுத் தொலைபேசி எண்ணை அழைக்க ஆகும் செலவுக்கு மேல் 03 எண்ணுக்கு வாங்க முடியாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொமின் விதி. அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று கோப்பை மூடிவிட்டீர்கள்.

தீரவில்லை என்பது 2017 ஒக்டோபரில் தெரிந்தது. வேலை இல்லாதவருக்கும் வருமானம் குறைந்தவருக்கும் கிடைக்கும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கான எண்ணை அழைத்தவர்கள் சிலரிடம் கைபேசி நிறுவனங்கள் நிமிடத்துக்கு 55 பென்ஸ் வரை அறவிட்டன. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் கேள்வி எழுப்பினார். ஒரு வாரத்தில், வேலைவாய்ப்பு, ஓய்வூதிய அமைச்சராக இருந்த டேவிட் கௌக், ஆண்டு இறுதிக்குள் தனது திணைக்களத்தின் எண்கள் எல்லாம் இலவசமாகும் என்று அறிவித்தார். பலர் கவனிக்காமல் விட்ட விடயம் ஒன்று இதில் இருக்கிறது. அந்த எண் 0845 அல்ல, 0345. உங்கள் குறிப்பு சொன்னபடி சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எண். 'சாதாரணக் கட்டணம்' என்று நீங்கள் நம்பியது, கையில் காசு இல்லாதவர் வைத்திருக்கும் சிம்மில் 55 பென்ஸ் ஆனது.

வேலைவாய்ப்பு, ஓய்வூதியத் திணைக்களத்துக்கு அந்தப் பாடம் போதும். வரித் திணைக்களம் இன்னும் 0300இல் இருக்கிறது.

'இப்போது யாருக்குத்தான் நிமிடக் கட்டணம்? எல்லாரும் வரம்பில்லாத அழைப்புத் திட்டத்தில்தானே இருக்கிறார்கள்' என்று உங்கள் மேசையில் ஒருவர் சொல்வார். அவருக்கு மாதாந்த ஒப்பந்தம் இருக்கும். லண்டனில் தமிழர் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ ஒரு கடையில் நின்று பாருங்கள். புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறு இல்லை, ஒப்பந்தம் கிடைக்காது. அதனால் முற்கட்டண சிம். வயதான தாய்க்கு அழைப்பு வந்தால் எடுப்பதற்காகப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்ததும் அதே வகை. ஐந்து பவுண், பத்துப் பவுண் போட்டு மாதக்கணக்கில் இழுப்பார்கள். ஊருக்குப் பேசுவது வீட்டு வைஃபையில், வாட்ஸ்அப்பில். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையோடு ஒரு மணி நேரம் பேசச் செலவில்லை. குரோய்டனில் பெரிய கட்டடம் வைத்திருக்கும் வரித் திணைக்களத்தோடு பேசத்தான் செலவு.

இவர்களுக்கு வரித் திணைக்களத்தோடு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய வேலை. பெற்றோல் நிலையத்தில் பகல் வேலையும் உணவகத்தில் இரவு வேலையும் செய்கிறவருக்கு, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று முதலாளிக்குச் சொல்லும் வரிக் குறியீடு பிழையாக வந்துவிடும். சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். பிள்ளைக்கான உதவித்தொகை நின்றுபோன தாய் அழைப்பதும் அதே திணைக்களத்தைத்தான். வசதியானவர் கணக்காளரை வைத்துக்கொள்கிறார். வரிசையில் நிற்பது மற்றவர்கள்.

அந்த வரிசையின் நீளமும் பதிவாகியிருக்கிறது. 2022-23இல் வரித் திணைக்களத்தை அழைத்தவர்கள் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் 798 ஆண்டுகள் என்று கணக்காய்வு அலுவலகம் 2024 மே மாதத்தில் சொன்னது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட அது இரு மடங்குக்கும் மேல். அடுத்த நிதியாண்டின் முதல் 11 மாதங்களில் ஆலோசகரோடு பேச விரும்பியவர் சராசரியாக 23 நிமிடங்கள் காத்திருந்தார். அதே 11 மாதங்களில், 70 நிமிடங்கள் காத்திருந்த பிறகு கிட்டத்தட்ட 44,000 பேரின் அழைப்பு துண்டிக்கப்பட்டது. நிமிடத்துக்கு 35 பென்ஸ் வாங்கும் முற்கட்டண சிம்மில் அந்த 70 நிமிடங்களுக்கு ஆகும் செலவு 24 பவுண் 50 பென்ஸ். கிடைத்த பதில் ஒன்றுமில்லை. (காத்திருப்பவருக்கு இடையிடையே ஒரு குரல், இணையதளத்துக்குப் போங்கள் என்று சொல்லும். அந்த அறிவுரைக்கும் அதே 35 பென்ஸ்தான்.)

இணையம் போதும் என்று அந்தத் திணைக்களம் உண்மையாகவே நினைத்தது. 2024 மார்ச்சில், தங்கள் வருமானத்தைத் தாங்களே அறிவித்துக் கட்டும் சுயமதிப்பீட்டு வரிக்கான எண்ணை ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை மூடப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே நிறுத்தி வைத்தது. ஒரே நாளில் பின்வாங்க வேண்டி வந்ததே, தொலைபேசி இன்னும் எத்தனை பேருக்கு வேண்டியிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

0800க்கு மாற்றுவதில் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இலவச எண்ணில் நிமிடக் கட்டணத்தைக் கட்டுவது அழைக்கப்படும் பக்கம். இன்று ஒருவரை 70 நிமிடம் தொங்கவிட்டால் இழப்பு அவருக்கு மட்டும். அவர் கட்டும் காசு திணைக்களத்தின் கணக்கில் செலவாக விழுவதே இல்லை. 0800இல் விழும். காத்திருப்பைக் குறைக்கக் கூடியவர்தான் காத்திருப்புக்குப் பணமும் கட்ட வேண்டும். அப்போது கூடுதல் ஆட்களை அமர்த்துவதா, குழப்பமான கடிதங்களைத் திருத்தி எழுதுவதா என்று அவர்களே கணக்குப் போடத் தொடங்குவார்கள். 2015 ஜூலை 1 முதல் கைபேசியிலிருந்தும் 0800 இலவசம் என்பதால், கைபேசியில் 0800க்கும் காசு போகும் என்று 2013இல் உங்களுக்கு இருந்த சாக்கும் இப்போது இல்லை.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கையில் காசு குறைவு என்றால் ஒரு மிஸ்டு கால் கொடுப்போம். வசதி உள்ளவர் திருப்பி எடுப்பார். அரசுக்கு மிஸ்டு கால் கொடுக்க முடியாது. ஆனால், வரிசை நீண்டிருக்கும்போது அழைப்பவரின் எண்ணைப் பதிந்துகொண்டு திருப்பி அழைக்கும் வசதி எத்தனையோ நிறுவனங்களிடம் இருக்கிறது. எண்களை மாற்ற நாளெடுக்கும் என்றால் அதுவரை இதையாவது எல்லாத் திணைக்களங்களுக்கும் கட்டாயமாக்குங்கள்.

விசா பிரிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 ஜூன் முதல், வெளிநாட்டிலிருந்து விசா பற்றி மின்னஞ்சலில் கேட்டவரிடம் 5 பவுண் 48 பென்ஸ் வாங்கினார்கள். தொலைபேசியில் நிமிடத்துக்கு 1 பவுண் 37 பென்ஸ். கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவர் விண்ணப்பக் கட்டணத்தை ஏற்கெனவே கட்டியவர். தன் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்பதற்கு மேலும் கட்டணம் வைத்த அந்த ஏற்பாட்டில் எதுவும் மிஞ்சக் கூடாது.

சுயமதிப்பீட்டுப் படிவங்களை இணையத்தில் அனுப்ப ஜனவரி 31 கடைசி நாள். வரித் திணைக்களத்தின் தொலைபேசிக்கு ஆண்டின் மிகக் கடினமான காலம் அதுதான். வரும் ஜனவரிக்கு முன் அதன் எண்களையாவது 0800க்கு மாற்றுவீர்களா, மாட்டீர்களா? ஆம் என்றால் திகதியைச் சொல்லுங்கள். இல்லை என்றால், 101க்குப் பொருந்திய நியாயம் 0300க்கு ஏன் பொருந்தவில்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
லண்டனில் வரி செலுத்தும் ஒருவர்