கோடியக்கரை போய் வந்தோம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். அப்பாவின் செருப்பு ஒன்றுதான் கோடியக்கரைச் சேற்றோடு போய்விட்டது. "ரெண்டு பேரும் தனியாப் போயிருக்கீங்களே" என்று மூன்று நாளும் போனில் நீ கேட்டதற்கெல்லாம் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதே. எனக்கு எழுதினால்தான் எதுவும் வரிசையாக வரும்.

வேதாரண்யத்திலிருந்து பஸ். வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய கதையை அப்பா பஸ்ஸுக்கே கேட்கும்படி நடத்திவிட்டார். மார்கழி என்பதால் பாத்திகளில் உப்பு இல்லை, மழைத் தண்ணீரும் அதில் வானமும்தான்.

நீ ஆசையாகக் கேட்ட பூநாரைகள் வெகு தூரத்தில் நின்றன. அப்பா கொக்கு என்றே சாதித்தார். ஒரு கூட்டம் எழும்பியபோதுதான் இறக்கைக்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்பு தெரிந்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குப் பிடித்தது வெளிமான்தான். திருகுக் கொம்போடு கறுத்த ஆண் ஒன்று புல்வெளி நடுவே நின்றது. அது தன் எல்லையை விடாதாம், கூட வந்த வனக்காவலர் சொன்னார். பெண்மான்கள் மேய்ந்தபடியே அதைக் கடந்து போய்விட்டன. அது அங்கேயே நின்றது. "யார் மாதிரி இருக்கு?" என்றார் அப்பா. நான் பதில் சொல்லவில்லை.

காட்டில் 2018 கஜா புயல் சாய்த்த மரங்கள் இன்னும் கிடக்கின்றன. சோழர் காலத்தது என்று சொல்கிற பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமிக்குப் பிறகு வெறும் செங்கல். கோடியக்கரை என்றாலே எல்லோருக்கும் 'பொன்னியின் செல்வன்' நாவலின் படகுக்காரப் பெண் ஞாபகம் வருவாள். அவள் பக்கமே போகக்கூடாது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். என் கிழவியே எனக்குப் போதும்.

அந்தக் கிழவியை உனக்குத் தெரியும். கடலோரத்தில் தனியாக இருப்பவள், மகன் கூட்டிப்போக வருகிறான். படித்துவிட்டு "பாவம்மா இந்தப் பாட்டி" என்றாயே. பதினோராம் பக்கத்தில் மூன்று வருஷமாக நின்றுபோன கதை. எதை எழுதினாலும் அவள் புலம்பினாள், எனக்கே சலித்துவிட்டது.

கடைசி நாள் சாயங்காலம் குழகர் கோயிலுக்குப் போனோம். சேரமான் பெருமாளோடு இங்கே வந்த சுந்தரர், கடற்காற்று அடிக்கிற கரையில் அக்கம்பக்கத்தில் ஒரு குடியும் இல்லாமல் சாமி இருப்பதைப் பார்த்துக் கலங்கிப் பாடியிருக்கிறார். பொந்தில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன, உமக்கு யார் துணை என்று கேட்கிறார். உன் பாட்டி அதைப் பாடும்போது அவளும் அழுவாள், நானும் அழுவேன். அன்றைக்கும் அழுகை வரும் என்று கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

வரவில்லை. காற்று விளக்கை அணைத்தது. குருக்கள் அவசரமே இல்லாமல் மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது, மறுபடி ஏற்றினார். திடீரென்று உறைத்தது: பதிகம் முழுக்கக் கேட்கிறவர் சுந்தரர்தான். சாமி தனியாக இருக்கிறேன் என்று எங்கேயும் சொல்லவில்லை.

பிராகாரத்திலேயே உட்கார்ந்து, அப்பாவின் மாத்திரை நோட்டில் பின்பக்கமாக எழுத ஆரம்பித்தேன். இருட்டி, கொசு பிய்த்து எடுத்து, பஸ் போய், ஆட்டோ பிடித்து வந்தோம். அப்பா முனகிக்கொண்டேதான் செல்போன் வெளிச்சம் காட்டினார்.

இப்போது கிழவி புலம்புவதில்லை. மகன்தான் பேசிக்கொண்டே இருக்கிறான்: இங்கே யார் இருக்கிறார்கள், ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவாய். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசியில் வானத்தைப் பார்த்து, "மழை வருது, அந்த ஓரத்துல உள்ளத எடு" என்கிறாள். அவனும் எடுக்கிறான். அதற்கு மேல் இன்னும் எழுதவில்லை.

பொங்கலுக்கு வரும்போது படித்துப் பார். வரும்போது அப்பாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வா, எட்டாம் நம்பர். மிஞ்சிய ஒற்றைச் செருப்பைத் தூக்கிப்போட மாட்டேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா