மலையை எடை போட்ட ஊரிலிருந்து

அன்புள்ள சர்வேயருக்கு,

உன் கடிதம் மகள் வீட்டு முகவரிக்கு வந்து சேரப் பதினோரு நாள் ஆயிற்று. போனில் பேசிவிட்டு அதே சேதியைத் தாளிலும் எழுதித் தபாலில் போடுகிற ஆள் இந்தக் காலத்தில் நீ ஒருவன்தான் இருப்பாய். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணுக்கு அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறாய். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. கறுப்புக் கண்ணாடியோடு தெருவில் நடந்தால் சினிமா வில்லன் மாதிரி இருக்கிறாய் என்று உன் வீட்டில் சிரிக்கிறார்களாமே, சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் நான் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதுமாக இருக்கிறேன். போன வாரக் கடைசியில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தது. பிட்லாக்ரி என்ற ஊருக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தோம். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூவாயிரம் பேர் அளவில் இருக்கிற சின்ன ஊர். அதைப் பற்றி உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். காரணம் கொஞ்சம் கீழே வரும்.

ஊர் என்றால் ஒரு நீளமான கடைவீதி, அவ்வளவுதான். கம்பளிக் கடை, டீக்கடை, மறுபடி கம்பளிக் கடை. 1842-இல் விக்டோரியா ராணி இந்தப் பக்கம் வந்தார். அவருடைய டாக்டர் இங்கத்திய காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்லப்போக, 1863-இல் ரயிலும் வந்துவிட, அன்றிலிருந்து வெளியூர்க்காரர்களை வைத்துத்தான் ஊர் பிழைக்கிறது. கல்லால் கட்டிய அந்த ரயில் நிலையத்திலேயே ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. தொண்டர்கள் நடத்துகிறார்கள், வருமானம் தர்ம காரியங்களுக்குப் போகிறது. வண்டிக்குக் காத்திருப்பவர்களைவிடப் புத்தகம் புரட்டுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் நாள் சாயங்காலம் அணைக்குப் போனோம். டம்மல் ஆற்றின் குறுக்கே 1951-இல் கட்டி முடித்த சின்ன அணை, மின்சாரத்துக்காக. அணை கட்டினால் சால்மன் மீன் என்ன ஆகும்? இந்த ஆற்றிலே பிறந்து, கடலுக்குப் போய், கிரீன்லாந்து பக்கம் வரை சுற்றிவிட்டு, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிற மீன் அது. நடுவில் சுவர் நின்றால் வம்சமே போச்சு. அதனால் அணைக்குப் பக்கவாட்டில் மீனுக்கென்று ஒரு படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். படி என்று நினைக்காதே, 34 தொட்டிகள். ஒன்றைவிட அடுத்தது அரை மீட்டர் உயரம். 300 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே தண்ணீருக்கடியில் துவாரம் உண்டு. எதிர்நீச்சல் போட்டு மீன் ஒவ்வொன்றாக ஏறிப்போகும். நடுநடுவே மூன்று பெரிய தொட்டிகள் இருக்கின்றன. எதற்கு என்றால் மீன் மூச்சு வாங்குவதற்கு! மாடியேறும்போது நடுவில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொள்வோமே, அதேதான்.

முக்கால் மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மீனும் தெரியவில்லை. பேரன் பார்த்ததாகச் சொல்கிறான், நான் நம்பவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1940-களில் இந்த அணைத் திட்டம் வந்தபோது ஊரே திரண்டு எதிர்த்தது. இயற்கை அழகு கெட்டுவிடும், சுற்றுலாக்காரன் வரமாட்டான் என்பது அவர்களுடைய பயம். இன்றைக்கு ஊருக்கு வருகிறவன் பையை இறக்கி வைத்துவிட்டு முதலில் போய் நிற்பது அணையில்தான். தேங்கிய தண்ணீரும் ஃபாஸ்கலி ஏரி என்று படகு விடுகிற இடமாகிவிட்டது.

சரி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

மறுநாள் ‘ராணியின் காட்சி’ என்கிற இடத்தில் நின்று பார்த்தால் டம்மல் ஏரி நீளமாகக் கிடக்கிறது. ஏரிக்கு அப்பால் இடது கைப்பக்கம் ஒரு மலை தனியாக நிற்கிறது. (1866-இல் விக்டோரியா இங்கே வந்து, இதற்குத் தன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். அவருக்கு ஐந்நூறு வருஷத்துக்கும் மேலே முந்திய வேறொரு ராணியின் பெயரால் வந்தது என்று உள்ளூரில் சொல்கிறார்கள்.) அந்த மலையின் பெயர் ஷிஹாலியன். 1,083 மீட்டர். நம் பொதிகைக்கு முன்னால் தம்பிதான். ஆனால் பூமியின் எடையைக் கண்டுபிடித்தது இதை வைத்துத்தான்.

தூக்குக்குண்டு நேர் கீழேதான் தொங்கும் என்று கொத்தனாரும் நீயும் ஆயுசு முழுக்க நம்பினீர்கள். பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அது குண்டைத் தன் பக்கம் துளி இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, மலையின் எடையையும் கணக்கிட்டுவிட்டால், பூமியின் எடை கைக்கு வந்துவிடும். 1774-இல் நெவில் மாஸ்கெலின் என்ற அரசாங்க வானியலாளர் இந்த வேலைக்காக இங்கே வந்தார். செலவுக்குப் பணம் எங்கிருந்து தெரியுமா? 1769-இல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் கடந்ததைப் பார்க்க ராஜா கொடுத்த மானியத்தில் மிச்சம் விழுந்தது! மிச்சத்தைத் திருப்பிக் கட்டாமல் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வது உங்கள் இலாகா மட்டும் கண்டுபிடித்த வித்தை இல்லை.

மலையின் தெற்குச் சரிவில் ஒரு குடில், பிறகு வடக்குச் சரிவில் ஒரு குடில். மழையும் மூட்டமுமாக நாலு மாதம். தலைக்கு நேர் மேலே கடக்கும் நட்சத்திரங்களை அளந்தால், இரண்டு இடங்களுக்கும் அட்சரேகையில் 55 செகண்ட் வித்தியாசம் வருகிறது. தரையில் சர்வே போட்டால் 43 செகண்ட்தான். மிச்சம் 12-க்குச் சற்றுக் குறைவு, அதுதான் இரண்டு பக்கமும் சேர்ந்து மலை இழுத்த இழுப்பு. ஒரு டிகிரியை 3,600 கூறு போட்டால் ஒரு கூறு ஒரு செகண்ட் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் பத்து மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டால் கால் மில்லிமீட்டர் விலகும், அவ்வளவுதான்.

அந்தத் தரை சர்வேயைச் செய்தவர்களில் முக்கியமானவர் ரூபன் பர்ரோ என்பவர். மழையில் நனைந்து மலையைச் சுற்றி அளந்தது அவர், பேர் போனது மேலதிகாரிக்கு. மாஸ்கெலின் மேல் அவருக்குக் கடைசி வரை கோபம் ஆறவில்லை. பிறகு கப்பலேறி இந்தியாவுக்குப் போய், அங்கேயும் அளந்துகொண்டிருந்து, 1792-இல் பக்ஸாரில் செத்துப்போனார். இதைப் படித்தபோது, உன் பழைய தாசில்தாரை நீ திட்டிக்கொண்டிருந்த ராத்திரிகள் ஞாபகம் வந்தன.

இன்னும் இருக்கிறது. அளந்துகொண்டு போன அந்த எண்களைக் குவித்துவைத்துக்கொண்டு மலையின் கனஅளவைக் கணக்கிட உட்கார்ந்தவர் சார்லஸ் ஹட்டன், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஆயிரக்கணக்கில் புள்ளிகள், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே உயரத்தில் இருக்கிற புள்ளிகளை எல்லாம் கோடு போட்டு இணைத்தார். உடனே மலையின் வடிவம் தாளில் எழுந்து வந்துவிட்டது. ஆமாம், சம உயரக் கோடு! நம் அறையில் தரையில் வரைபடத்தை விரித்துப் போட்டு, ‘கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு’ என்று எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாயே, அது. பூமி தண்ணீரைப்போல நாலரை மடங்கு கனம் என்று அவர் கணக்கு முடிந்தது. இன்றைய கணக்கு ஐந்தரை. மலைப்பாறை இரண்டரைதான் என்பதால், உள்ளே உலோகம் மாதிரிக் கனமான ஏதோ இருக்க வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

மகளும் மாப்பிள்ளையும் உச்சிக்கு ஏறப் போனார்கள். என் முட்டி ஒத்துழைக்கவில்லை. கால்வாசி ஏறி ஒரு பாறையில் பேரனோடு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன், யாரிடமும் சொல்லாதே. ஷூ கயிற்றைக் கழற்றி, வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். மலை இழுக்கிறதா என்று பார்க்கத்தான். காற்று அடித்த அடியில் சாவி நாலு திசையிலும் ஆடியது. மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு பெண் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனாள். நீ சொன்ன 1808-ஆம் வருஷத்துக் கதைதான் நினைவுக்கு வந்தது. இந்தியாவை அளந்த வெள்ளைக்கார சர்வேயர் லாம்ப்டன், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கோணம் அளக்கிற தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து இடித்துக்கொண்டதே, அது. என் கயிறு அறுபடவில்லை. அந்த மட்டும் லாபம்.

இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு: மிட்ஜ் என்று ஒரு பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கூட்டமாக வரும், கொசுவை நல்லவன் ஆக்கிவிடும். காற்று நின்றால் வந்துவிடுகிறது, அதனால்தான் பாறையில் அடித்த காற்றை நான் திட்டவில்லை.

திரும்பும் வழியில் ஃபோர்டிங்கல் கிராமத்துத் தேவாலய வளாகத்தில் ஒரு யூ மரம் பார்த்தோம். வயது இரண்டாயிரம் என்கிறார்கள், மூவாயிரம் என்கிறார்கள், ஐயாயிரம் என்றும் சொல்கிறார்கள். வந்தவன் போனவன் எல்லாம் ஞாபகத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய், இப்போது நடு மரமே இல்லை, சுற்றி நின்ற பட்டைகள்தான் தனித்தனி மரம்போல நிற்கின்றன. ஒரு காலத்தில் அந்த இடைவெளி வழியாகப் பிரேத ஊர்வலம் போகுமாம். ஆண் மரமான அதில் 2015-இல் ஒரே ஒரு கிளை மட்டும் பெண்ணாக மாறிச் சிவப்புப் பழம் காய்த்தது. அந்த வயதிலும்!

பிளேர் கோட்டைக்கும் போனோம். வெள்ளை வெளேரென்று பெரிசாக இருக்கிறது, உள்ளே சுவரெல்லாம் மான் கொம்பு. எனக்கு அலுத்துவிட்டது. கில்லிகிராங்கி பள்ளத்தாக்கு பரவாயில்லை. 1689 சண்டையில் உயிருக்குப் பயந்து ஓடிய ஒரு சிப்பாய் ஆற்றை 18 அடி தாண்டிக் குதித்ததாகச் சொல்லும் பாறையைக் காட்டுகிறார்கள். துரத்தினால் நீயும் நானும்கூட ஒரு காலத்தில் தாண்டியிருப்போம்.

உனக்குச் சாப்பிட ‘டாப்லெட்’ வாங்கியிருக்கிறேன். பெயரைப் பார்த்து மாத்திரை என்று நினைக்காதே, பாலும் வெண்ணெயும் சர்க்கரையும் கிளறி இறுக்கியது. திரட்டுப்பாலுக்கு வெள்ளைக்காரச் சொந்தம். உன் சர்க்கரை அளவு தெரியும், ஒரு துண்டுதான் தருவேன்.

அப்புறம் கடைவீதியில் அந்த வட்டாரத்து சர்வே வரைபடம் ஒன்றும் வாங்கினேன், ஷிஹாலியன் இருக்கிற தாள். பத்து மீட்டருக்கு ஒரு கோடு, மயிரிழை மாதிரி. கண்ணாடி போட்டும் எனக்குச் சரியாக எண்ண வரவில்லை. புரட்டாசிக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். அதற்குள் இடது கண்ணையும் முடித்து வை. வடக்குப் பக்கம் எத்தனை கோடு என்று நீ எண்ணிச் சொல்ல வேண்டும்.

உன் பழைய அறைத்தோழன்