முன் இருக்கை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. ஒரு மாசத்துக்குக் குனிந்து எதையும் தூக்காதே. தங்கச்சி சொல்வதைக் கேள். எனக்கு வலது முழங்கால்தான் தொந்தரவு. டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக் மேலேயே முப்பது வருஷம் வைத்திருந்த கால், சும்மா இருக்கச் சொன்னால் வலிக்கிறது போல.

பேரன் நூலகத்திலிருந்து முதல் உலகப் போர் விமானங்களைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தான். அவன் படம் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டான், நான் எடுத்துப் படித்தேன். அதில் வந்த ஒரு ஆள் நாலு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பெயர் வெர்னன் காஸில். இங்கிலாந்தில் நாரிச் ஊர்க்காரர். நியூயார்க்கில் மனைவி ஐரீனோடு மேடையில் ஆடி அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கியவர். போர் வந்ததும் அவ்வளவு வருமானத்தையும் விட்டுவிட்டு, விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, ராயல் ஃப்ளையிங் கோர் என்ற பிரிட்டனின் விமானப் படையில் சேர்ந்தார். போர்முனைக்கு மேலே பறந்தார், பிரான்ஸ் நாட்டின் வீரப் பதக்கம் வாங்கினார், உயிரோடு திரும்பினார். அதன்பிறகு அவருக்குக் கொடுத்த வேலை நம்ம வேலைதான். வாத்தியார்!

முதலில் கனடாவில். 1917-18 குளிர்காலத்தில் அங்கே பனியில் பறக்க முடியாது என்று பயிற்சிப் படைகளை அமெரிக்காவின் டெக்ஸாஸுக்கு மாற்றினார்கள். ஃபோர்ட் வொர்த் பக்கம் டாலியாஃபெரோ முகாம், அதில் ஒரு களம் பென்புரூக். அந்த டாலியாஃபெரோ யார் தெரியுமா? 1915-ல் விமான விபத்தில் இறந்துபோன ஒரு ராணுவ விமானி. செத்தவன் பேரைச் சூட்டிய இடத்தில் போய்த்தான் பையன்கள் பறக்கப் பழகினார்கள். போர் மாணவர்களுக்காகக் காத்திருக்காது, சீக்கிரம் தயார் பண்ணு என்றுதான் மேலிருந்து நெருக்கம். பாராசூட்டும் கிடையாது.

விமானத்தைச் செல்லமாக ஜென்னி என்பார்கள். கர்டிஸ் கம்பெனி வடிவமைத்தது. மரச் சட்டம், அதன்மேல் துணி, 90 குதிரைத்திறன் என்ஜின். முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கை, இரண்டு பேருக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு. நம்ம டபுள் கண்ட்ரோல் மாதிரியே. ஆனால் நமக்கு மாணவன் பக்கத்தில் இருந்தான். முகத்தைப் பார்த்தே அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று தெரிந்துகொண்டோம். அவர்களுக்கு அதுவும் இல்லை.

முன் இருக்கை என்ஜினுக்கு அடுத்தாற்போல. மூக்கு குத்தி விழுந்தால் முதலில் நசுங்குவது அங்கே இருப்பவன். வழக்கமாக மாணவனை முன்னால் உட்காரவைத்து வாத்தியார் பின்னால் இருப்பார். கனடாவில் காஸில் பயிற்சி கொடுத்த ஒரு விமானம் விழுந்து, மாணவன் செத்துப்போனான், இவர் பிழைத்தார். அதற்கப்புறம் மாணவனைப் பின்னால் அனுப்பிவிட்டு, முன் இருக்கையில் தானே உட்கார ஆரம்பித்தார். யாரும் உத்தரவு போடவில்லை, மாப்ளே. தானாக மாறி உட்கார்ந்தார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1918 பிப்ரவரி 15. பென்புரூக்கில், தரைக்கு ரொம்பக் கிட்ட இவர் விமானம் இருந்தபோது இன்னொரு விமானம் குறுக்கே வந்துவிட்டது. மோதாமல் இருக்க மூக்கைச் சட்டென்று மேலே தூக்கினார். அந்த விமானம் தப்பியது. ஆனால் மூக்கை அப்படித் தூக்கினால் வேகம் செத்துவிடும். இறக்கைமேல் காற்று ஒட்டி ஓடாது, தாங்கும் சக்தி போய்விடும். அதிலிருந்து மீள ஒரே வழி, மூக்கைக் கீழே இறக்கி வேகம் எடுப்பது. அதற்குக் கீழே இடம் வேண்டும். அவருக்கு அந்த உயரம் இல்லை. விமானம் தலைகுப்புற விழுந்தது. முன்னால் இருந்தவர் இறந்தார், பின்னால் இருந்த மாணவன் பிழைத்துக்கொண்டான். வயசு முப்பதுதான் அவருக்கு.

அது அவர் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எதிரே வந்த வண்டியிலும் ஒரு கற்றுக்குட்டி இருந்திருக்கலாம் என்ற நினைப்பு எந்த வாத்தியாருக்கும் வரும். திருப்பிய கை திருப்பியதுதான்.

நம்ம பாலத்து ஏற்றம் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஜவுளிக்கடைப் பையன் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான். முன்னால் பஸ்ஸின் பின்பக்க ஏணி கண்ணாடி முழுக்க வந்துவிட்டது. நான் என் பக்கப் பெடலில் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். பின் சீட்டிலிருந்து நீ என் தோளைப் பிடித்த இடம் ரெண்டு நாள் கன்றிப்போயிருந்தது. பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவில் ஒரு முழம் கூட இல்லை. பையன் ஸ்டீயரிங்கை விடாமல் அழுதான். நீதான் இறங்கிப் போய் அவனுக்கு சோடா வாங்கி வந்தாய். அரைமணி நேரம் கழித்து மறுபடி அவனையே ஓட்டவைத்தோம். அன்றைக்கு வீட்டுக்குப் போனால் வண்டியைத் தொடவே மாட்டான் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். அது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

டெக்ஸாஸ் மாணவனை அடுத்த நாள் யார் பறக்கவைத்தார்கள், யார் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தனக்கு முன்னால் இருந்தவர் எதற்காக அங்கே உட்கார்ந்தார் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

பென்புரூக்கில் இப்போது அவர் பேரில் ஒரு தெரு இருக்கிறது, அங்கேயே நினைவுச் சின்னமும். கல்லறை நியூயார்க்கில். ஆடிக் களைத்து மண்டியிட்டுக் குனிந்த ஒரு பெண் சிலை அதன்மேல்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வருவேன். பழைய அம்பாசிடரை விற்றபோது கழற்றி வைத்த அந்த இரண்டாவது பிரேக் பெடல் உன் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறதா? நீ ஏறாதே, மருமகனை ஏறிப் பார்க்கச் சொல். இருந்தால் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் கூட்டாளி