பார்க்காத தொடரின் கதைப்புத்தகம்

மல்லாவி
மாசி மாதம்

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பின பார்சலும் அதுக்குள் இருந்த ‘டாக்டர் ஹூ’ கதைப்புத்தகமும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. கொம்மாவைப் போய்ப் பார்த்தேன். முழங்கால் நோவு குறைஞ்சு முற்றமெல்லாம் கூட்டுறா. காலபோக வெட்டு முடியப்போகுது. மழை பிந்திப் பெய்ததில் மெஷின் வயலுக்குள் இறங்கச் சுணங்கினது, மற்றப்படி விளைச்சலில் குறையில்லை.

இனிப் புத்தகத்துக்கு வாறன். ‘டாக்டர் ஹூ’ பிபிசியில் 1963 நவம்பர் 23ஆம் திகதி தொடங்கின தொலைக்காட்சித் தொடர். டாக்டர் என்ற ஒருவர் தன்ர கப்பலில் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் போற அறிவியல் கற்பனைக் கதை. அதிலிருந்து வந்த முதல் நாவல் இது, 1964இல் வெளியானது. எழுதின டேவிட் விற்றேக்கர்தான் தொடரின் முதல் கதைப்பிரிவு ஆசிரியரும். டாலெக் என்றது உலோகக் கூட்டுக்குள் இருக்கிற கொடிய வேற்றுக்கோள் உயிர்கள். டெரி நேஷன் தொடருக்கு ஏழு பகுதியாக எழுதின டாலெக் கதையை எடுத்த விற்றேக்கர், தொடக்கத்தையே மாற்றிப்போட்டார். தொலைக்காட்சியில் இரண்டு பள்ளிக்கூட ஆசிரியர்கள் தங்கட மாணவியைப் பின்தொடர்ந்து பழைய இரும்புச் சாமான் கிடக்கிற வளவுக்குள் போவார்களாம். புத்தகத்தில் பள்ளிக்கூடமே இல்லை. லண்டனில் பார்ன்ஸ் கொமன் என்ற வெளியில் கண் தெரியாத பனிப்புகார், வீதி விபத்து, அதிலிருந்து எல்லாம் தொடங்குது. முழுக்கதையையும் டாக்டரோடு பயணம் போற இயன் தன்ர வாயால் சொல்லுறான். டாலெக்குகளின் தலைவன் கண்ணாடிக் கூட்டுக்குள் இருப்பதும் புத்தகத்தில் மட்டும்தான்.

எனக்கு இதுதான் பெரிசாகப் பட்டது. போர் நடந்த, கரண்ட் இல்லாத காலத்தில், வெளியே போக பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய் வந்தவன் அங்கே பார்த்த படத்தைக் குப்பி விளக்கடியில் இருந்து சொல்லுவானே, அப்படித்தான் விற்றேக்கரும் சொல்லுறார். அவன் தன்ர பாட்டுக்குச் சேர்த்த சண்டைகள்தான் எனக்கு இண்டைக்கும் ஞாபகம். அந்த நாளில் இங்கிலாந்துப் பிள்ளைகளும் தவறவிட்ட பகுதியைத் திரும்பப் பார்க்க வழியில்லை. வீட்டில் பதிவுசெய்யிற வசதி வர இன்னும் காலம் கிடந்தது. பிபிசியே பழைய நாடாக்கள் பலதை அழித்துவிட்டது. அதனால் இதைத் தொடரின் மிச்சம்மீதி என்று ஒதுக்குவது அநியாயம். தொடரைப் பார்க்காத எனக்கு ஓரிடத்திலும் ஒன்றும் குறையவில்லை.

சனிக்கிழமைகளில் வாசிகசாலையில் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். டாலெக்குகளுக்கு நகரத்தின் உலோகத் தரையிலிருந்துதான் மின்சாரம் ஏறும். டாலெக்குகளிடம் சிறைபிடிபட்ட டாக்டரும் இயனும் மற்றவையும் சேறு குழைத்து ஒரு டாலெக்கின்ர கண்ணில் அப்பி, மேலங்கி ஒன்றைக் கீழே விரித்து அதுக்கு மேலே தள்ளிவிட, அது அப்படியே நின்றுபோகுது. சேறு என்றதும் பெடியள் துள்ளி எழும்பிவிட்டாங்கள்.

ஆனால் தால் மக்களின் கதை வந்தபோது எல்லாரும் அமைதி. டாலெக்குகளின் கோளிலேயே வாழுற, பெரிய அணுப்போருக்குப் பிறகு சண்டையே வேண்டாம் என்று விட்ட சனம் அவர்கள். டாக்டரின் கப்பலுக்கு வேண்டிய பாதரசக் கருவி டாலெக் நகரத்தில் மாட்டுப்பட்டுவிட்டது. அதை எடுக்கத் தால் மக்களின் துணை வேணும். இயன் அவர்களை உசுப்பிவிட்டுத்தான் சண்டைக்குக் கூட்டிப்போறான், வழியிலேயே சிலர் சாகிறார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: “சேர், இவையள் தங்கட சாமானுக்குத்தானே அந்தச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போகினம்?” இன்னொருத்தன் உடனே, “போகாட்டியும் டாலெக் கதிர்வீச்சைத் திறந்துவிட்டு எல்லாரையும் கொல்லப் பாத்ததுதானே” என்றான். அவள் விடவில்லை. “அது அவைக்குப் பிறகுதானே தெரியும். கேக்கேக்க என்ன சொல்லிக் கேட்டவை?”

மச்சான், அந்தப் பிள்ளை இந்த மண்ணில் 2009இல் போர் முடிஞ்ச பிறகு பிறந்தவள். வீட்டில் பெரியாக்கள் கதைக்கிறதைக் கேட்டு வளர்ந்திருப்பாள். நான் மறுமொழி சொல்லவில்லை, இரண்டு பேரையும் கதைக்க விட்டேன், இருட்டும் மட்டும் கதைத்தார்கள். என்ர அபிப்பிராயத்தில் விற்றேக்கர் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்க வேணும். வெற்றி கெதியாக வந்துவிடுது, செத்த தால்களை நினைக்கப் பக்கம் போதவில்லை. அப்படியிருந்தும் பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியை எழுப்பின கதை இது. அதுக்காகவே நான் இதை நல்ல புத்தகம் என்பேன்.

விற்றேக்கரே எழுதின ‘டாக்டர் ஹூ’ சிலுவைப்போர்க் கதையும் உண்டு, சலாதீனும் ரிச்சர்ட் மன்னனும் வாறது. நாலு பகுதித் தொடரில் இரண்டின் படம் இப்போது இல்லையாம், புத்தகத்தில் முழுசாக இருக்குது. பழைய புத்தகக் கடையில் கண்டால் வாங்கி அனுப்பு. பார்ன்ஸ் கொமன் பக்கம் போனால் ஒரு படமும் எடுத்து அனுப்பு, பிள்ளைகள் கேக்கினம். தால்கள் விஷயத்தில் நீ எந்தப் பக்கம் என்றும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன்ர பழைய வாங்குக் கூட்டாளி