நண்டின் மரபணு ஆய்வு பண்ணைக் குட்டை வரை வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்ணைகளில் வளர்க்கப்படும் நண்டுகளின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தறியும் ஆய்வுகள் சில ஆண்டுகளாக அடுத்தடுத்து வெளிவருகின்றன. பழவேற்காடு, பிச்சாவரம், முத்துப்பேட்டை மக்களின் பிழைப்போடு தொடர்புள்ள இச்செய்தி நம் நாளிதழ்களில் பேசப்படுவதே இல்லை என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

சீனாவில் பெருமளவு வளர்க்கப்படும் ஒரு நீந்தும் நண்டின் மரபணுத் தொகுதி, குரோமோசோம் குரோமோசோமாகக் கோக்கப்பட்டு 2020-இல் வெளியானது. டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகளை எழுத்துகள் என்று கொண்டால், அதன் நீளம் ஏறத்தாழ 100 கோடி எழுத்துகள். மனிதருடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் நமக்கு 23 இணை குரோமோசோம்கள் என்றால், அதற்கு 50 இணை. போதாக்குறைக்கு, பாதிக்கும் மேற்பட்ட பகுதியில் ஒரே மாதிரியான தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதால், சிறு துண்டுகளாகப் படிக்கும் கருவிகளைக் கொண்டு எந்தத் துண்டு எங்கே சேரும் என்று தீர்மானிக்க முடிவதில்லை. பல்லாயிரம் எழுத்துகளை ஒரே தொடராகப் படிக்கும் கருவிகள் வந்த பிறகே இவ்வேலை கைகூடியது. அடுத்த ஆண்டே, அதே குடும்பத்தைச் சேர்ந்த, கழிமுகச் சேற்றில் வாழும் சீனக் களி நண்டின் தொகுதியும் வெளியாகி, மணத்தையும் ஒளியையும் உணரும் மரபணுக்கள் அதில் எவ்வாறு பரிணமித்தன என்பது ஆராயப்பட்டது. கலங்கல் நீரில் இரவில் இரை தேடும் நண்டுக்கு இவை உயிர்நாடியான புலன்கள்.

அந்தச் சீனக் களி நண்டு நம் கழிமுகங்களில் இல்லை. இங்கிருப்பவை வேறு இரண்டு களி நண்டு இனங்கள். இதைத் தெளிவுபடுத்தவே நெடுங்காலம் பிடித்தது. நம் நாட்டுப் பழைய ஆய்வுகள் பெரிய பச்சை நண்டை, 1798-இல் தரங்கம்பாடியின் பெயரால் குறிக்கப்பட்ட 'டிரான்குபாரிக்கா' என்றும், சிறிய செம்பழுப்பு நண்டை 'செர்ராட்டா' என்றும் எழுதிவந்தன. 1998-இல் களி நண்டுகளின் பேரினம் நான்கு இனங்களாகத் திருத்தி வகுக்கப்பட்டது. அதன் பின் இங்கு நடந்த டி.என்.ஏ. ஆய்வுகள், பெரியதுதான் செர்ராட்டா, சிறியது ஒலிவேசியா என்று காட்டின. வளர்ந்த நண்டென்றால் கொடுக்குக் காலின் மணிக்கட்டுப் பகுதியில் இரண்டு கூரிய முட்கள் இருக்கின்றனவா என்று பார்த்தே பெரிய இனத்தைக் கண்டுகொள்ளலாம். குஞ்சிலோ கண்ணால் பிரிப்பது கடினம். கழிமுகத்தில் பிடித்த குஞ்சுகளை விலைக்கு வாங்கிக் குட்டையில் விடுபவர், மெதுவாக வளரும் சிறிய இனத்துக்கும் சேர்த்தே தீனி போட நேர்கிறது.

மரபணு ஆய்வின் பயன் இனம் பிரிப்பதோடு முடிவதில்லை. சீனக் களி நண்டில் பாலினத்தைத் தீர்மானிப்பது பெண்ணிடம் உள்ள வேறுபட்ட குரோமோசோம் இணையே என்பது இத்தகைய ஆய்வுகளால் தெரியவந்தது. சினை நிறைந்த பெண் நண்டுக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பதால், இளங்குஞ்சிலேயே பெண்ணை அடையாளம் காண முடிவது பண்ணையாளருக்குப் பெரிய உதவி. விரைவாக வளரும் தாய் வழிகளைத் தேர்ந்தெடுக்கவும், பருவமழையில் உப்புத்தன்மை திடீரெனக் குறையும்போது தாக்குப்பிடிக்கும் நண்டுகளை அறியவும் இதே அடித்தளம் வேண்டும்.

இதற்கான திறமை நம்மிடம் இருக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய வெள்ளை இறாலின் மரபணுத் தொகுதியை 2022-இல் வெளியிட்டது. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் களி நண்டுக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. ஆனால் எந்தத் தாயின் குஞ்சு எப்படி வளர்ந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், கோடிக்கணக்கான எழுத்துகளைப் படித்தும், நல்ல தாய்களைத் தேர்ந்து பெருக்கும் தேர்வு இனப்பெருக்கம் செய்ய இயலாது. ஆகவே, பொரிப்பகத்துக்கு வரும் ஒவ்வொரு தாய் நண்டும் எந்தக் கழிமுகத்தில் பிடிபட்டது என்பதைக் குறித்து, அதன் திசு மாதிரியைச் சேமித்து, குஞ்சுகள் பண்ணையில் வளர்ந்த விவரத்தோடு இணைக்கும் நீண்டகாலத் திட்டம் ஒன்றை மத்திய, மாநில மீன்வளத் துறைகள் சேர்ந்து தொடங்க வேண்டும்; அதன் முடிவுகளை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீன்வளம் பயின்ற வாசகர்,
சீர்காழி.